கேப்டனுக்குப் பேச்சுக் கொடுத்தேன்

நான் பறக்கக் கற்றுக்கொண்டது ஒரு மெத்தைக் கடைக்காரரைப் பழிவாங்குவதற்காக. யாராவது கேட்டால் சின்ன வயதிலிருந்தே ஆசை, வானம், பறவை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பேன். கேட்பவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார்கள். உண்மை மெத்தைக் கடைதான்.

மைதானத்தில் அவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். மனிதர் கப்பலும் ஓட்டியதில்லை, விமானமும் ஓட்டியதில்லை. கடைவீதியில் மாடியும் கீழுமாக மெத்தைக் கடை வைத்திருக்கிறார். வாசலில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகளைச் சாய்த்து நிறுத்தி, அதில் ஒன்றில் தானே சாய்ந்துகொண்டு போன் பேசுவார். செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் தரிசு நிலத்தில் முதன்முதலில் பாராமோட்டரைக் கட்டிக்கொண்டு பறந்தவர் அவர்தான் என்பதால் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது.

பாராமோட்டர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதுகில் ஒரு பெட்ரோல் இன்ஜின், அதற்குப் பின்னால் கூண்டுக்குள் சுற்றும் விசிறி, தலைக்கு மேலே கயிறுகளில் நிற்கும் துணி இறக்கை. ஓட வேண்டும். கால் தரையை விட்டதும் நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்துகொள்ள வேண்டும். அந்த உட்காருதல் முழுக்க தொடையைச் சுற்றி மாட்டும் இரண்டு வார்களை நம்பித்தான். வார் மாட்டாமல் கிளம்பினால் ஆள் கீழே நழுவி அக்குளில் தொங்குவார். கை எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம்தான்.

அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. தன்னைத்தானே சரிபார்த்துக்கொண்டு யாரும் கிளம்பக் கூடாது. இன்னொருவர் எதிரே வந்து, குனிந்து, தொடை வார், நெஞ்சு வார், இறக்கையின் கொக்கி, தலைக்கவசம் என்று ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு தலைக்கவசத்தில் இரண்டு தட்டு. முதல் தட்டு, பார்த்துவிட்டேன் என்பதற்கு. இரண்டாவது, போகலாம் என்பதற்கு. இரண்டாவது விழுந்துவிட்டால் பறப்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே கேப்டன்தான்.

என் கணவர் விழுந்த அன்று, அவரைப் பார்க்க வேண்டிய முறை கேப்டனுடையது.

நான் டீ பிளாஸ்க்கோடு வேலி ஓரம் நின்றிருந்தேன். கேப்டன் காதில் போனோடு வந்தார். ஏதோ மெத்தை டெலிவரி. மாடிப்படியில் திரும்புமா திரும்பாதா என்று யாரையோ பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். குனியவில்லை. கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. சும்மா இருந்த கையால் என் கணவரின் தலைக்கவசத்தில் டக் டக்கென்று தட்டிவிட்டு, "மடிக்காதே, மடிச்சா ஸ்பிரிங் போயிடும்" என்று போனில் சொல்லிக்கொண்டே நடந்து போனார்.

என் கணவர் ஓடினார், எழும்பினார், உட்காரப் போனார். உட்கார இடமில்லை. மாடி வீட்டு உயரத்திலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. தலையில் பட்ட அடியில் அந்தக் காலைப்பொழுது மொத்தமாக நினைவிலிருந்து துடைத்துக்கொண்டு போய்விட்டது. வார் மாட்டினாரா, யார் பார்த்தார், எதுவும் அவருக்குத் தெரியாது.

கேப்டன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

"நான் இழுத்துப் பாத்தேன்பா. எல்லாம் கச்சிதமா மாட்டித்தான் இருந்துச்சு. நான் அந்தப் பக்கம் போனதும் இவரா எதுக்கோ கழட்டியிருக்காரு. அப்பறம் மறந்துட்டாரு. என்ன பண்றது, மறதி."

நான் பார்த்ததைச் சொன்னேன். யார் கேட்டார்கள்? பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்று என் முகத்துக்கு நேராகவே பரிதாபப்பட்டார்கள். பறக்க வருகிற பேங்க் மேனேஜர் ஒருவர், வாய் சும்மா இருக்காது அவருக்கு. என் கணவருக்கு 'மறதி மன்னன்' என்று பெயர் வைத்தார். பெயர் மைதானத்தைத் தாண்டி ஊருக்குள்ளும் வந்துவிட்டது.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உயரமான கட்டிடம் எதுவானாலும் அதன் கயிறும் பல்சக்கரமும் அவர் கை பட்டவை. வேலையில் அப்படி ஒரு கவனம் அவருக்கு. இடுப்பு ஒருமாதிரி கூடி, கைத்தடியோடு நடக்க ஆரம்பித்ததும் கம்பெனியில் கூப்பிட்டார்கள். போக மாட்டேன் என்றுவிட்டார்.

"தன் வாரையே மாட்ட மறந்தவன் கையில எவன் லிஃப்ட்டக் குடுப்பான்? நானே குடுக்க மாட்டேன்."

"நீங்க மறந்தீங்க, சரி. மனுஷன் மறப்பான். அவரு பாக்கவே இல்லையே. நான் கண்ணால பாத்தேங்க."

"நீ எனக்காகப் பேசற."

அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என்னை நம்பாததுகூடப் பரவாயில்லை. அந்தப் பொய்யனை நம்பினார். காய்ச்சல் மாத்திரை போட்டேனா என்று என்னிடம் கேட்பார். வாசல் கதவைப் பூட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொல்வார். கட்டிடம் கட்டிடமாக ஏறி இறங்கிய ஆளைக் கேப்டனின் ஒரு பொய் வீட்டுக்குள் உட்கார்த்திவைத்துவிட்டது. அந்தப் பொய் கேப்டன் வாயாலேயே, எல்லோர் முன்னாலும் உடைய வேண்டும். அப்போதுதான் என் மனிதர் எனக்குத் திரும்பக் கிடைப்பார். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

என் வேலை லேபில் ரத்தம் எடுப்பது. ஊசியைப் பார்த்ததும் கையை இறுக்கிக்கொள்பவர்கள், கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கூப்பிடுபவர்கள், மீசையோடு அழுபவர்கள் என்று எல்லோரையும் பார்த்தாயிற்று. இதில் தொழில் ரகசியம் ஒன்றுதான். அவர்களுக்குப் பிடித்த எதையாவது கேட்டுப் பேச்சுக் கொடுக்க வேண்டும். பேச்சு சூடு பிடிக்கும் நொடியில் ஊசி உள்ளே போய்விட வேண்டும். எடுத்தாச்சா என்று அவர்களே ஆச்சரியமாகக் கேட்பார்கள்.

கணவரின் பழைய மோட்டரை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அவருடைய சிநேகிதர் ஒரு வெல்டர். எனக்குச் சொல்லிக்கொடுக்க அவர்தான் முன்வந்தார். வீட்டில் கணவர் ஒரே ஒரு முறை எதற்கு என்று கேட்டார். சும்மாதான் என்றேன். அதற்குமேல் தடுக்கத் தன்னிடம் தகுதி இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கற்றுக்கொண்ட லட்சணம் இருக்கிறதே. முதல் நாள் இறக்கையை மட்டும் பிடித்து நிறுத்தச் சொன்னார் வெல்டர். காற்று ஒரு வீசு வீசியது. இறக்கை என்னை மூட்டையை இழுப்பதுபோலத் தரையோடு இழுத்துக்கொண்டு போனது. முழங்கையில் தோல் போனது, சட்டைக்குள் மண் போனது, மானமும் போனது. இன்னொரு நாள் கயிறு விசிறியில் மாட்டி, விசிறி சில்லுச் சில்லாகப் பறந்தது. ஒருமுறை இறங்க இடம் தெரியாமல், சூளைக்காரர் வீட்டுக் கொடியில் காயப்போட்டிருந்த போர்வைகளோடு சேர்ந்து இறங்கினேன். அந்த வீட்டம்மா என்னைத் திட்டியதைக் கேட்டு அவர்கள் நாயே அடங்கிப்போனது.

விழும்போதெல்லாம் கேப்டன் தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

"ஏம்மா, அந்தப் பக்கம் ஒரு மெத்தை போட்டு வெக்கட்டுமா? குடும்பத்துக்குன்னு தள்ளுபடி உண்டு."

குடும்பத்துக்கு என்று அழுத்திச் சொல்வார். மேனேஜர் கூடச் சேர்ந்து சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன். சிரித்துச் சிரித்துக் கடைவாய் வலிக்கும்.

பிறகு ஒருநாள் விடியலில் எழும்பிவிட்டேன். ஓடிக்கொண்டே இருந்தேன், கால் மட்டும் ஓடியது, தரை இல்லை. வெல்டர் கீழே நின்று கையைக் கையை ஆட்டினார். உட்காரச் சொல்கிறார் என்று புரிய நேரமாயிற்று. உட்கார்ந்தேன். மேலே போனதும் அவர் சொல்லிக்கொடுத்தபடி இன்ஜினை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்தேன். எங்கோ ஒரு நாய் குரைப்பதும், ஒரு வீட்டில் குக்கர் விசில் அடிப்பதும் அவ்வளவு உயரத்தில் தெளிவாகக் கேட்டன. என் லேபின் தண்ணீர்த் தொட்டி மூடியில்லாமல் கிடந்தது. ஒரு கழுகு பக்கத்தில் வந்து, இது என்ன ஜந்து என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கண்ணில் தண்ணீர் வந்தது. பழிவாங்க வந்த இடத்தில் சந்தோஷம் வந்து தொலைத்தது.

எனக்கு என்மேலேயே ஆத்திரம். கேப்டனின் கடை மாடித் தகரத்துக்கு நேர் மேலே போனதும் எச்சிலைத் துப்பினேன். காற்று எதிர்த்திசை. என் கன்னத்தில்தான் விழுந்தது.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போனேன். தலைமுடியில் பெட்ரோல் வாடை, கையில் கயிறு அறுத்த கோடு. எல்லோரும் என்னைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டார்கள். பறப்பவர்களைப் பார்த்துத் தட்டும் முறை எனக்கும் வந்தது. நான் காத்திருந்தது அந்த முறைக்காகத்தான்.

வெல்டர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். "வார் மாட்டவே யாரும் மறக்கறதில்ல தங்கச்சி. மாட்டிக்கிட்டே இருக்கும்போது யாராவது கூப்பிடுவாங்க. அந்த வேலை முடிஞ்சிருச்சுன்னு கை நெனச்சுக்கும். அங்கதான் வினை."

எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் லேபில் நான் செய்வதே இதுதானே.

கேப்டன் வார் மாட்டும் நேரம் பார்த்துப் பக்கத்தில் போய் நிற்க ஆரம்பித்தேன். அவருக்குப் பிடித்த பேச்சு எது? மெத்தை. முதுகு வலிக்கு எது நல்லது, பஞ்சா, ஸ்பிரிங்கா, தேங்காய் நாரா என்று கேட்டேன். மனிதர் வாய் ஓயாமல் பேசினார். ஆனால் விரல்கள் பாட்டுக்கு வேலையை முடித்துவிடும். தொடை, தொடை, நெஞ்சு, தலைக்கவசம். ஒன்றும் தப்பாது. மெத்தைப் பேச்சுக்கு வாய் போதும், கை வேண்டாம் என்று எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அதற்குள் அவர் பேச்சில் மயங்கி ஒரு தலையணை வேறு வாங்கித் தொலைத்திருந்தேன்.

அவரிடம் கையை வீசிச் சொல்ல வேண்டிய கதை ஒன்று இருந்தது. எப்போதோ மேகத்துக்கு மேலே போய்விட்டு, கீழே வர ஓட்டை தேடிச் சுற்றிய கதை. அதைச் சொல்லும்போது இரண்டு கையையும் இறக்கையாக விரித்து, சாய்ந்து, வளைந்து, நடித்தே காட்டுவார். கேட்கப் புது ஆட்கள் இருந்தால் இன்னும் நீளும். பழைய ஆட்கள் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனதால் அவரும் சொல்வதை விட்டிருந்தார்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பறக்கக் கற்றுக்கொள்ள விரும்பி ஒரு இளம் ஜோடி வேடிக்கை பார்க்க வந்திருந்தது. கேப்டன் எல்லாம் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். காற்று சட்டென்று விழுந்துவிட்டது. மோட்டர் கனம், தொப்பை வேறு. எல்லா வாரையும் கழற்றிவிட்டு, வேனின் பின்பலகையில் மோட்டரோடு சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கம்பத்தில் கட்டிய துணி மெல்ல அசைந்தது.

"காத்து வருது, காத்து வருது" என்று எல்லோரும் பரபரத்தார்கள். கேப்டனின் கை தொடை வாருக்குப் போனது.

"கேப்டன், மேகத்துக்கு மேல மாட்டிக்கிட்டீங்களே, அத இவங்களுக்குச் சொல்லுங்களேன். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

கை தொடையிலிருந்து எழுந்தது. விரிந்தது. "நம்ப மாட்டீங்களா? கேளுங்க. இப்படித்தான் போறேன்... கீழ பாத்தா பூமியே இல்ல." சாய்ந்தார், வளைந்தார். அந்தப் பெண் வாயைப் பிளந்து கேட்டாள். மேகத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்துக் கீழே இறங்கியதும் எழுந்து நின்றார். நெஞ்சு வாரைப் படாரென்று மாட்டினார். தலைக்கவசத்தைப் போட்டார். நடந்து போய், விரித்து வைத்த இறக்கையின் முன்னால் நின்று இன்ஜினை ஓடவிட்டார்.

தொடை வார் இரண்டும் முழங்காலுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

"யாரு பாக்கறீங்க?" என்று கத்தினார்.

"நான் பாக்கறேன்" என்றேன்.

எதிரே போய் நின்றேன். குனிந்தேன். முறைப்படி ஒவ்வொன்றையும் தொட்டேன். நெஞ்சு வார், சரி. கொக்கிகள், சரி. தலைக்கவசம், சரி. தொங்கிய வாரையும் தொட்டேன். அவருக்குத் தெரியவில்லை, தொப்பை மறைத்தது. நிமிர்ந்து அவர் தலையில் ஒரு தட்டு தட்டினேன். பார்த்துவிட்டேன் என்பதற்கு. அதில் பொய் இல்லை.

கை அப்படியே மேலே நின்றது. அவர் கண் தூரத்தில் மர உச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கால் மாற்றி மாற்றி வைத்து ஓடத் தயாரானார். இன்னும் ஒரே ஒரு தட்டு. அந்த வினாடி எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் என்னைப் பேய் என்பீர்கள், சொல்லுங்கள். ஆஸ்பத்திரி வராந்தா, மறதி மன்னன், தள்ளுபடி மெத்தை எல்லாவற்றுக்கும் கணக்கு என் உள்ளங்கையில் வந்து நின்றது. ஊரில் ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அவராகக் கழற்றிவிட்டு மறந்துவிட்டார் என்று சொன்னால் முடிந்தது.

ஆனால் இந்த ஆள் செத்துப்போனால் நான் கேட்க வேண்டியதை யார் சொல்வது?

கையை இறக்கி, அவர் பிடித்திருந்த த்ராட்டில் கைப்பிடியில் இன்ஜினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். இன்ஜின் நின்றது. மைதானமே திரும்பிப் பார்த்தது.

"ஏய், என்ன பண்ற? காத்து போயிடும்!"

"தொடையத் தொட்டுப் பாருங்க கேப்டன்."

முறைத்துக்கொண்டே தடவினார். கை அங்கே இங்கே துழாவியது. வெறும் பேண்ட். ஆடிய வார் விரலில் பட்டதும் முகத்தில் ரத்தம் சுண்டியதை நான் பார்த்தேன். ரத்தம் எப்படிச் சுண்டும் என்று எனக்குத் தெரியும். உதடு வெளுத்தது. அந்தப் பயம் அப்படியே கோபமாக மாறி என்மேல் பாய்ந்தது.

"ஒரு தட்டு தட்டிட்டியேடி! பாத்துட்டுத்தானே தட்டின? தட்டிட்டு என்ன வேடிக்கை? மாட்டறவன் மறப்பான்! மனுஷன்தானே, மறப்பான்! மறக்கறான்னுதானே பாக்கறதுக்கு ஒரு ஆள நிறுத்தி வெச்சிருக்கு! நான் விழுந்து செத்திருந்தா அது உன் தப்பு. என் தப்பில்ல, உன் தப்பு!"

கத்தி முடித்து மூச்சு வாங்கினார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே மெதுவாகக் காதில் விழுந்ததுபோல, திறந்த வாய் அப்படியே நின்றது.

"இன்னொரு தடவ சொல்லுங்க கேப்டன்" என்றேன். "யார் தப்பு?"

வெல்டர் பக்கத்தில் வந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றும் உயரவில்லை.

"என் சிநேகிதன் விழுந்த அன்னிக்கு யாருங்க பாத்தது?"

"நான்தான் பாத்தேன். அதான் சொன்னேனே..."

"குனிஞ்சு பாத்தீங்களா?"

கேப்டன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தன் ஷூவைப் பார்த்தார். புதுப் பெண் கேப்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள், மேகக் கதையின் மிச்சத்துக்குக் காத்திருப்பதுபோல.

"போன்ல இருந்தேன்" என்றார் கேப்டன். "அவசரமா ஒரு டெலிவரி. மாட்டியிருப்பாருன்னு நெனச்சுத் தட்டிட்டேன். இத்தன வருஷம் பறக்கறவர்தானே, மாட்டாம இருப்பாரான்னு..."

"சத்தமா" என்றேன்.

"பாக்கல!" என்றார். "நான் பாக்கல. போதுமா?"

போதவில்லை. இன்னும் நூறு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பேன். ஆனால் வெல்டர் என் தோளைத் தொட்டு, வா தங்கச்சி, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. நான் சொன்னால் அவருக்காகப் பேசுகிறேன் என்பாரே. வெல்டரைப் பேசவிட்டேன். என் கணவர் தலையைச் சாய்த்து, லிஃப்ட் மோட்டரில் எங்கே சத்தம் வருகிறது என்று கேட்பதுபோல முழுவதையும் கேட்டார். முடிந்ததும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டு வெகுநேரம் குலுங்கியது. வெல்டர் டீயைக் குடிக்காமலே கிளம்பிப் போனார்.

துண்டை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கேப்டன் எப்படி மறந்தாரு? அவரு மறக்கற ஆளில்லையே."

அவர் மெக்கானிக். பழுது என்றால் காரணம் தெரிந்தாக வேண்டும்.

"பேச்சுக் குடுத்தேன்" என்றேன்.

"எத்தன நாளா?"

"ரொம்ப நாளா."

யோசித்தார். "கை மேல நின்னுச்சே, அப்ப ரெண்டாவது தட்டணும்னு தோணிச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இந்த மனிதரிடம் பொய் சொல்லப்பட்டது போதும் என்று தோன்றியது.

"தோணிச்சு."

எழுந்து அறைக்குள் கொஞ்ச தூரம் நடந்தார். கைத்தடியை எடுக்கவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றார். "இனிமே உன்ன நான் பாக்கறேன். திங்கக்கிழமை கம்பெனிக்கும் ஒரு போன் போடணும்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எழுந்தேன்.

"ஆனா ஒண்ணு. நீ இனிமே யாருக்கும் பாத்துத் தட்டக் கூடாது."

"என்னது? அந்த ஆள நான் காப்பாத்தியிருக்கேங்க!"

"காப்பாத்தின. தெரியுது. லிஃப்ட் கயித்துல ஒரு புரி அறுந்தாலும் கயிறு தாங்கும். அறுந்து விழாது. இருந்தாலும் நாங்க அதுல ஆள ஏத்தறதில்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாருக்காகச் செய்தேன்? யாருக்காக எலும்பு நோக விழுந்து எழுந்தேன்? அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. வருத்தமும் படவில்லை, இன்றுவரை படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யார் தலைக்கவசத்திலும் நான் தட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்தார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். மேனேஜர் ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல முணுமுணுத்தார். என் கணவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் எதிரே வந்து, இடுப்பு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்தார்.

தட்டுவதற்கு முன்னால் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தார். கொஞ்சம் தள்ளிக் கேப்டன் நின்றிருந்தார். எல்லாம் மாட்டி, இறக்கையை விரித்து, இன்ஜினையும் ஓடவிட்டுவிட்டார். பார்க்க ஒருவரும் போகவில்லை. அந்த வாரம் முழுக்க யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வெல்டர் சொல்லியிருந்தார்.

"இரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு என் கணவர் அங்கே நடந்தார். நான் வேண்டாம் என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை.

கேப்டன் முன்னால் போய் நின்றார். குனிந்தார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நொண்டும் காலை ஒருபக்கம் நீட்டி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, முழுசாகக் கீழே இறங்கி, தொடை வாரை இழுத்துப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று. அவசரமே இல்லை. கேப்டனின் முகம் வேர்த்துக் கொட்டியது. எழுந்து நிற்க ரொம்ப நேரமாயிற்று. கேப்டன் கை கொடுத்தார். அதைப் பிடிக்காமலே எழுந்தார். நெஞ்சு வார், கொக்கி, தலைக்கவசம்.

"பாத்துட்டேன்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. ஒரு தட்டு. "போகலாம்." இன்னொரு தட்டு.

கேப்டன் ஓடவில்லை. காற்று நன்றாக இருந்தது, இறக்கை தயாராக இருந்தது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு இன்ஜினை அணைத்தார். மோட்டரோடு தரையில் உட்கார்ந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

என் கணவர் என்னிடம் திரும்பி வந்தார்.

"வேணும்னேதான் பண்ணீங்களா?"

என் நெஞ்சு வாரை மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்தார். உதட்டோரம் லேசாகக் கோணியது.

"உனக்கு ரெண்டு வருஷம் பிடிச்சுது" என்றார். "எனக்கு ரெண்டு தட்டு போதும்."